கல்லூரிக்கு வெளியே கற்ற கோடு

1941-ஆம் ஆண்டு. கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்த தஞ்சாவூர் இளைஞர் ஒருவர், ஆனந்த விகடனில் பணியாற்றிய ஓவியர் மாலியைப் பார்ப்பதற்காகச் சென்னைக்கு வந்தார். பெயர் கோபாலன், வயது பதினேழு. மாலி அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகள் பூஜித்த ஸ்ரீராம பட்டாபிஷேகப் படத்தை நேரில் பார்த்து, தீபாவளி மலருக்காக வரைந்து தர வேண்டும். கோபாலன் வரைந்து கொடுத்தார். அவர் பெயரைச் சுருக்கிக் ‘கோபுலு’ ஆக்கியவரும் மாலிதான். சில ஆண்டுகளில் கோபுலு விகடனின் ஓவியராக வேலையில் சேர்ந்தார். தமிழ்நாட்டு வீடுகளின் திண்ணையும் கூடமும் சாய்வு நாற்காலியும் கூஜாவும் அவர் கோடுகளில்தான் ஒரு தலைமுறைக்கு அறிமுகமாயின.

பத்திரிகைக் கதைக்குப் படம் போடுவது ஒரு தொழில். அந்தத் தொழிலுக்கு நெடுங்காலம் தனிப் பாடத்திட்டம் கிடையாது. ஓவியக் கல்லூரியில் மாணவர்கள் உடற்கூறு படித்தார்கள். நிழலும் ஒளியும் பழகினார்கள். மாடலை நிற்கவைத்து வரைந்தார்கள். ஒரு சிறுகதையைப் படித்துவிட்டு அதில் எந்தக் கணத்தை வரைவது, கால் பக்கத்துக்குள் நான்கு பேரை எப்படி அடக்குவது, வியாழக்கிழமைக்குள் எப்படி முடிப்பது என்பதையெல்லாம் வேலைக்குப் போய்த்தான் தெரிந்துகொண்டார்கள். தமிழ்ப் பத்திரிகை ஓவியத்தின் வரலாறு, மாணவர்களின் இந்த இரண்டாவது படிப்பின் வரலாறு.

முதல் படிப்பின் கதை இன்னும் ஒரு நூற்றாண்டு பின்னால் தொடங்குகிறது. 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற ராணுவ மருத்துவர் சென்னை பிராட்வேயில் சொந்த முயற்சியில் ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். அதே பத்தாண்டுக்குள் அரசு அதை ஏற்றுக்கொண்டது. பள்ளி பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு இடம் மாறி, தொழிற்கலைப் பள்ளி என்று பெயர் பெற்றது. இன்று பெரியமேட்டில் சிவப்புச் செங்கல் கட்டடங்களோடு நிற்கும் அரசு கவின் கலைக் கல்லூரி அதுதான். சென்னைவாசிகளின் பேச்சில் ‘எழும்பூர் ஆர்ட்ஸ் காலேஜ்’.

ஹன்டருக்கு ஓவியம் என்பது பயன்படு பொருள். மண்பாண்டம், செங்கல், மரச் செதுக்கு அச்சு, கல்லச்சு, புகைப்படம் எல்லாவற்றையும் ஒரே கூரைக்கடியில் வைத்துக் கற்பித்தார். கலைகள், அறிவியல், உற்பத்தி பற்றி ஆங்கிலத்தில் ஒரு பத்திரிகையும் நடத்தினார். அந்தப் பள்ளி மாணவர்கள் வரையக் கற்றவுடனேயே வேலையும் செய்தார்கள் என்பதற்கு நல்ல சான்று தாவரப் படங்களில் இருக்கிறது. சென்னை மாகாணத்தின் காடுகளைப் பேணும் பணியில் முன்னோடியான ஹியூ கிளெக்ஹார்ன், செடிகொடிகளின் படங்களைச் சேகரித்தவர். அவர் சேகரித்த படங்களில் ஹன்டரின் மாணவர்கள் பார்த்து எழுதிய பிரதிகளும் உண்டு. இலை நரம்பையும் மகரந்தத் தாளையும் பிசகாமல் வரைந்த அந்தப் பிள்ளைகளைத் தென்னகத்தில் முறையாகக் கலைப் பள்ளியில் படித்து விளக்கப்படம் வரைந்த முதல் தலைமுறை என்று சொல்லலாம்.

அவர்களுக்கு முன்பே இங்கே அந்த வேலை நடந்துகொண்டிருந்தது. ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட ‘ஐகோன்ஸ்’ நூலில் 2,101 படங்கள் உள்ளன. அவருக்காக வரைந்த இந்திய ஓவியர்களில் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு பெயர்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. இவர்கள் எந்தக் கலைப் பள்ளிக்கும் போகவில்லை. பரம்பரையாகக் கைவந்த ஓவியத் தொழிலை, நுண்ணோக்கியும் அளவுகோலும் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரரின் தேவைக்கு ஏற்பத் திருப்பிக்கொண்டார்கள். கண்ணால் கண்டதை அப்படியே கோட்டில் இறக்கும் ஒழுக்கம் ஓவியப் பள்ளிக்கு முன்பே இந்த மண்ணில் இருந்தது. பள்ளி அதற்கு மேசையும் நேர அட்டவணையும் கொடுத்தது.

அடுத்த ஐம்பது ஆண்டுகளில் பள்ளியின் தலைமை பலமுறை மாறியது. கட்டடக்கலைஞர் ராபர்ட் சிஸம் வந்தார். 1884-இல் வந்த ஈ.பி. ஹாவெல், மாணவர்கள் ஐரோப்பியச் சிலைகளின் பிளாஸ்டர் நகல்களைப் பார்த்து வரைவதைவிட உள்ளூர்க் கைவினைகளைப் பார்த்துக் கற்பது நல்லது என்று வாதாடினார். 1887-இல் கும்பகோணத்திலும் ஒரு கலைப் பள்ளி வந்தது. காவிரிக் கரையில், தாராசுரமும் நாகேஸ்வரன் கோயிலும் கூப்பிடு தூரத்தில் இருக்க, அங்கே படித்த பிள்ளைகளுக்குக் கல்லில் வடித்த உருவங்களே வகுப்பறைக்கு வெளியே கிடைத்த மாடல்கள்.

மாணவர்கள் படித்து முடித்தால் எங்கே போவது? நெடுங்காலம் வரை பதில் சிறியதாகவே இருந்தது. பள்ளியில் டிராயிங் மாஸ்டர் வேலை, அரசு அலுவலகத்தில் வரைபட வேலை, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை, ஜமீன்தாருக்கு உருவப்படம்.

கொண்டையராஜு இந்தப் பாதைகளில் பலவற்றையும் நடந்து பார்த்தவர். 1898-இல் பிறந்த அவர் சென்னைக் கலைப் பள்ளியில் படித்தார். திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தார். பிறகு நாடகக் குழுவுக்குத் திரை எழுதினார். 1940-களில் கோவில்பட்டியில் நிலைகொண்டார். அங்கே அவரைச் சுற்றி ஒரு குருகுலமே உருவானது. டி.எஸ். சுப்பையா, ராமலிங்கம், அருணாசலம் போன்ற சீடர்கள் அவரோடு சேர்ந்து வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகிக் காலண்டர்களாகத் தமிழகமெங்கும் போயின. மளிகைக் கடை சுவரிலும் பூஜை அறையிலும் தொங்கிய முருகன், லட்சுமி, மீனாட்சி கல்யாணம் எல்லாம் இந்தப் பட்டறையில் பிறந்தவை. சென்னையில் கற்ற உடற்கூறும் நிழல்-ஒளியும் நாடகத் திரையின் ஆழமும் ஒரு காலண்டர் அட்டையில் சேர்ந்தன. மாணவருக்கு வேலையும் படிப்பும் ஒன்றாகவே நடந்த இடம் அது.

இன்னொரு வாசலைப் பத்திரிகைகள் திறந்தன. பாரதியார் 1906 முதல் ஆசிரியராக இருந்து நடத்திய ‘இந்தியா’ வார இதழ் கருத்துப்படங்களை முதல் பக்கத்திலேயே வெளியிட்டது. தமிழ்ப் பத்திரிகையில் அரசியலைப் படமாகச் சொல்லும் வழக்கத்துக்கு அதுதான் தொடக்கம். இருந்தாலும் ஓர் ஓவியர் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு வாரந்தோறும் படம் போடும் காலம் வர இன்னும் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் ஆயின. 1926-இல் பூதூர் வைத்தியநாதையர் தொடங்கிய ஆனந்த விகடனை 1928-இல் எஸ்.எஸ். வாசன் வாங்கினார். சிரிப்புத் துணுக்கும் தொடர்கதையும் விற்பனையைப் பெருக்கின. இரண்டுக்கும் படம் தேவைப்பட்டது. 1930-களின் தொடக்கத்தில் மாலி என்கிற டி.ஆர். மகாலிங்கம் விகடனுக்கு வந்தார்.

மாலியின் கேலிச்சித்திரங்களில் கோடுகள் குறைவு. சங்கீத வித்வான்களை அவர் வரைந்தால், வாயைத் திறக்கும் விதம், தொடையில் தாளம் போடும் கையின் சாய்வு, குடுமியின் அசைவு என்று இரண்டு மூன்று அடையாளங்கள் போதும். பாடுவது யாரென்று பெயர் எழுத வேண்டியதில்லை. அவரது பெரிய பணி இதற்கு அப்பாலும் இருந்தது. கல்லூரியிலிருந்து வந்த இளைஞர்களில் யாருக்கு எது வரும் என்று அவர் கண்டுபிடித்தார். கோபுலுவிடம் நகைச்சுவையையும் வாழ்க்கைக் காட்சியையும் கண்டார். இன்னொருவரிடம் வேறொன்றைக் கண்டார்.

அந்த இன்னொருவர் பி.எம். சீனிவாசன். 1919-இல் நாமக்கல்லில் பிறந்தவர். அவரது கைத்திறனைப் பார்த்து, சென்னைக் கலைப் பள்ளியில் சேரும்படி தூண்டியவர் நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை. கவிஞர் தாமே தேர்ந்த ஓவியர் என்பதால் அந்த யோசனைக்கு எடை இருந்தது. சீனிவாசன் படித்த காலத்தில் பள்ளியின் தலைவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்ற இவர் 1929-இல் பொறுப்பேற்றார். பள்ளியின் தலைமைக்கு வந்த முதல் இந்தியர். கல்லூரி வளாகத்தில் கண்ணெதிரே இருந்த மனிதர்களையே மாடலாக்கிக்கொள்ளும் சிற்பி அவர். மெரினாவில் 1959-இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலைக்கு நின்றவர்களில் கல்லூரியின் இரவுக் காவலாளியும் ஒரு மாணவரும் உண்டு.

சீனிவாசனுக்குச் ‘சில்பி’ என்று பெயர் வைத்தவரும் மாலிதான். பெயரே வேலையாக மாறியது. 1940-களின் பிற்பகுதியில் விகடனில் தொடங்கிய ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ பகுதிக்காகச் சில்பி கோயில் கோயிலாகப் போனார். எழுத்தாளர் தேவன் விளக்கம் எழுத, சில்பி வரைந்தார். புகைப்படத்தைப் பார்த்து நகலெடுப்பதை அவர் விரும்பவில்லை. சிலைக்கு எதிரே உட்கார்ந்து, கல் எங்கே வெளிச்சத்தை வாங்குகிறது, எங்கே விழுங்குகிறது என்று பார்த்துப் பார்த்து மை பேனாவால் இழைத்தார். அவரது ஒரு படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் வெளிக்கோடு என்று தனியாக ஒன்று பல இடங்களில் இராது. தோளின் உருட்சியைக் காட்ட மெல்லிய கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வளைந்து போகும், அக்குளில் அவை நெருங்கும், மார்பில் விலகும், மணிமாலையின் ஒவ்வொரு மணிக்கும் கீழே ஒரு சிறு பிறை போல நிழல் கிடக்கும். மூக்கு சிதைந்த சிலையென்றாலும் அதன் நிற்கும் அழகு அந்தக் கோடுகளின் ஓட்டத்தில் வந்துவிடும்.

இந்தக் கோட்டு வேலைக்கு அழகியலைத் தாண்டிய ஒரு காரணமும் உண்டு. அது அச்சகத்தில் இருந்தது.

அன்றைய பத்திரிகை ஈய எழுத்துகளைக் கோத்து அச்சிடப்பட்டது. படத்தை அதே பக்கத்தில் சேர்க்க வேண்டுமானால் படமும் எழுத்தைப் போல மேடாக எழும்பி நிற்க வேண்டும். வெள்ளை அட்டையில் கறுப்பு மையால் வரைந்த படத்தைக் கேமராவில் சிறிதாக்கிப் படமெடுப்பார்கள். அந்த நெகட்டிவை ஒளியுணர் பூச்சு பூசிய துத்தநாகத் தகட்டில் பதிப்பார்கள். தகட்டை அமிலத்தில் போட்டால், கோடு இல்லாத இடமெல்லாம் அரித்துப் பள்ளமாகும். கோடு மட்டும் மேடாக நிற்கும். அதை மரக்கட்டையில் அறைந்து எழுத்தின் உயரத்துக்குக் கொண்டுவந்தால் ‘லைன் பிளாக்’ தயார். இதில் சாம்பல் நிறத்துக்கு இடமே கிடையாது. கறுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. நிழல் வேண்டுமானால் கோடுகளை அடுக்கியோ புள்ளிகளைத் தூவியோதான் காட்ட வேண்டும். ‘ஹாஃப்டோன் பிளாக்’ என்ற முறையில் வலைக்கண்ணாடி வழியாகப் படத்தைப் புள்ளிகளாக்கிச் சாம்பலையும் கொண்டுவரலாம். ஆனால் சொரசொரப்பான நியூஸ்பிரிண்ட் தாளில் அந்தப் புள்ளிகள் மை கசிந்து அப்பிக்கொள்ளும். வழுவழுப்பான ஆர்ட் பேப்பர் தீபாவளி மலருக்கும் அட்டைக்கும்தான் கட்டுப்படியாகும்.

கல்லூரியில் நீர்வண்ணமும் எண்ணெய் வண்ணமும் பழகிய மாணவர் பத்திரிகைக்கு வந்ததும் முதலில் மறு படிப்புப் படித்தது இந்த பிளாக்கிடம்தான். கோடு மிக மெல்லியதாக இருந்தால் அமிலம் அதையும் தின்றுவிடும். இரண்டு கோடுகள் மிக நெருங்கினால் இடையில் மை அடைத்துக்கொண்டு கறுப்புத் திட்டாகும். படம் பாதியாகச் சிறுக்கும் என்றால், அட்டையில் அழகாகத் தெரியும் இடைவெளி அச்சில் காணாமல் போகும். அதனால் பெரிதாக வரைந்துகொண்டு, சிறிதானபின் எப்படித் தெரியும் என்று மனக்கண்ணால் பார்க்கும் பழக்கம் கைக்கு வந்தது. கோபுலுவின் படங்களில் புடவைத் தலைப்பின் கோடு ஏன் ஒரே இழுப்பில் தடித்து மெலிகிறது, சில்பியின் சிலைகளில் ஏன் கோடுகள் ஒருபோதும் மோதிக்கொள்வதில்லை என்பதற்கெல்லாம் பாதி விடை அந்தத் துத்தநாகத் தகட்டில் இருக்கிறது.

எழுத்தாளர்கள் இன்னொரு வகையில் ஆசிரியர்களாக இருந்தார்கள். 1941-இல் கல்கி கிருஷ்ணமூர்த்தியும் சதாசிவமும் ‘கல்கி’ இதழைத் தொடங்கினார்கள். அங்கே வந்து சேர்ந்த இளைஞர் மணியம். 1924-இல் பிறந்து மயிலாப்பூரில் வளர்ந்தவர். சென்னைக் கலைப் பள்ளி மாணவர். தம் சரித்திரக் கதைகளுக்காகக் கல்கி ஊர் ஊராகப் போனபோது ஓவியரையும் உடன் அழைத்துப் போவது வழக்கமாயிற்று. அஜந்தாவின் சுவரோவியமும் இலங்கையின் பழைய நகரங்களும் மணியத்தின் ஸ்கெட்ச் நோட்டுக்குள் வந்தன. கல்லூரி தந்த உடற்கூறுக்கு மேல் ஒரு நாட்டின் ஆடையணியும் கட்டடமும் இப்படி நடந்து கற்ற பாடமாகச் சேர்ந்தன.

அந்தப் பாடத்தின் பலன் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை வாரவாரம் வந்த கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. மூன்றரை ஆண்டுகள் ஒரே கதைக்கு, ஏராளமான பாத்திரங்களுக்கு, வாசகர் ஒரே பார்வையில் அடையாளம் காணும்படி வரைய வேண்டும். மணியம் அதற்குக் கண்டுபிடித்த வழிகளில் முக்கியமானது தலையலங்காரம். நந்தினிக்கு ஆண்டாளைப் போலப் பக்கவாட்டில் சரிந்த கொண்டை. குந்தவைக்கு உயர்ந்து நிற்கும் வேறொரு முடிப்பு. முகம் திரும்பி இருந்தாலும், பாதி இருட்டில் நின்றாலும், கொண்டையைப் பார்த்ததும் யார் என்று தெரிந்துவிடும். கோயில் சிற்பத்தில் கண்ட ஒன்றைப் பத்திரிகைத் தேவைக்கு இவ்வளவு கச்சிதமாகத் திருப்பியது மணியத்தின் மேதைமை. 2022-இல் அந்தக் கதை திரைப்படமாக வந்தபோதும் பலர் நடிகர்களை ஒப்பிட்டுப் பார்த்தது மணியத்தின் படங்களோடுதான்.

மணியம் 1968-இல், நாற்பத்து நான்கு வயதிலேயே மறைந்தார். அவருடைய மகனும் அதே எழும்பூர்க் கல்லூரியில் படித்து, மணியம் செல்வன் என்ற பெயரில் பத்திரிகை ஓவியத்துக்கு வந்தார். கல்கி இதழ் பொன்னியின் செல்வனை மறுபடி மறுபடி வெளியிட்டபோதெல்லாம் புதிய ஓவியர்களிடம் அந்தப் பொறுப்பு போயிற்று. வினு வரைந்தார்; பிற்காலத்தில், சில்பியைக் குருவாகக் கொண்ட பத்மவாசன் வரைந்தார். ஒவ்வொரு தலைமுறைக்கும் அது கிட்டத்தட்ட ஒரு பட்டத் தேர்வு. வந்தியத்தேவனின் குதிரையை மணியத்தை மறந்து வரைய முடியாது, மணியத்தைப் போலவும் வரையக் கூடாது.

சென்னை வடபழனியில் இன்னொரு பெரிய ஓவியக்கூடம் இயங்கியது. 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்ரபாணியும் தொடங்கிய ‘சந்தமாமா’, தமிழில் ‘அம்புலிமாமா’. ஒரே இதழ் பல மொழிகளில் வெளிவரும். எழுத்து மட்டும் மொழிக்கு மொழி மாறும். படம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. ஆந்திரத்துக் குழந்தையும் குஜராத்துக் குழந்தையும் தன் ஊர் ராஜா என்று நம்பக்கூடிய ஒரு ராஜாவை ஓவியர் வரைய வேண்டும். சித்ரா, எம்.டி.வி. ஆச்சார்யா, அட்டைப்படங்களுக்கு வட்டாதி பாப்பையா என்று அங்கே பெரிய கைகள் இருந்தன. 1950-களின் தொடக்கத்தில் அவர்களோடு சேர்ந்தவர் சங்கர் என்கிற கே.சி. சிவசங்கரன். 1924-இல் பிறந்த அவர் சென்னைப் பள்ளியில் படித்தபோது, ‘நீ ஓவியக் கல்லூரிக்குத்தான் போக வேண்டும்’ என்று வழிகாட்டியவர் அவருடைய டிராயிங் மாஸ்டர். ராய் சௌத்ரியின் காலத்தில் படித்துவிட்டு முதலில் ‘கலைமகள்’ இதழில் வேலைக்குச் சேர்ந்தார், பிறகுதான் அம்புலிமாமா. தோளில் பிணத்தைச் சுமந்து, கையில் வாளோடு, மயானத்தில் நடக்கும் விக்கிரமாதித்தன் அவர் வரைந்தது. தொண்ணூற்றாறு வயதில், 2020-இல், மறையும் வரை அந்தப் படம் அவருடைய முகவரியாக இருந்தது. மறுவருடம் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

எல்லாரும் கல்லூரி வழியாக வந்துவிடவில்லை. புதுக்கோட்டையிலிருந்து 1959-இல் சென்னைக்கு வந்த ரங்கநாதன் முதலில் கால் வைத்தது சினிமா பேனர் எழுதும் கூடத்தில். பிறகு ‘மாருதி’ என்ற பெயரில் குடும்பக் கதைகளின் பெண் முகங்களுக்குப் பேர் போனவரானார். அகலக் கண்களும் பளபளக்கும் கன்னமும் கொண்ட அந்த முகங்களில் பேனர் வேலையின் வண்ணக் குழைவு கடைசிவரை இருந்தது. சுஜாதாவின் கதை நாயகர்கள் கணேஷ்-வசந்துக்கு உருவம் கொடுத்த ஜெயராஜின் வேகமான நவீனக் கோடு வேறொரு திசை. 1970-களின் கல்லூரி மாணவரும் அலுவலகக் குமாஸ்தாவும் எப்படி முடி வைத்துக்கொண்டார்கள், எப்படி உடுத்தினார்கள் என்று அறிய அவருடைய படங்களைப் பார்த்தால் போதும்.

கோபுலுவோ 1963-இல் விகடனை விட்டு விளம்பரத் துறைக்குப் போனார். 1972-இல் சொந்த விளம்பர நிறுவனம் தொடங்கினார். ‘துப்பறியும் சாம்பு’வுக்கும் ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடருக்கும் உயிர் கொடுத்த கை, சோப்புக்கும் இதழ்களின் சின்னங்களுக்கும் வடிவம் தேடியது. வேறு வேலை என்று அவர் அதைத் தாழ்வாக எடுத்துக்கொண்டவர் இல்லை. முதுமையில் வலக்கை பக்கவாதத்தால் தளர்ந்தபோது இடக்கையால் வரையப் பழகினார். அறுபது ஆண்டு அனுபவம் கொண்ட ஒருவர் மறுபடியும் மாணவராகி முதல் கோட்டை இழுத்தார்.

இதற்கிடையே கல்லூரிக்குள் காற்று மாறியிருந்தது. 1957-இல் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர், மாணவர்களைத் தென்னிந்திய மரபின் கோட்டையும் எழுத்தையும் குறியீட்டையும் நவீன ஓவியத்துக்குள் தேடச் சொன்னார். படிப்பு முடித்த பிள்ளைகள் சோற்றுக்கு என்ன செய்வார்கள் என்ற கவலை அவருக்கு இருந்தது. அதற்கு அவர் கண்ட விடை கைவினை. பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணத்தில் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையோரம் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். மாணவருக்கும் வயிற்றுப் பிழைப்புக்கும் நடுவே ஒரு பாலம் அது.

அந்தத் தலைமுறையில் பத்திரிகைக்கும் நவீன ஓவியத்துக்கும் ஒருசேர வேலை செய்தவர் கே.எம். ஆதிமூலம். 1938-இல் திருச்சி வட்டாரத்தில் பிறந்து, சென்னை வந்து, சிற்பி தனபாலின் வழிகாட்டுதலில் கல்லூரியில் சேர்ந்தார். படித்து முடித்தபின் நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளர் வேலை. 1969-இல் காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த கோட்டோவியங்களில் ஒரே மனிதர் நூறு விதமாக இருக்கிறார். சில படங்களில் கோடு நடுங்குகிறது, சிலவற்றில் பாய்கிறது. ‘கசடதபற’ போன்ற சிறுபத்திரிகைகளின் பக்கங்களில் அவர் வந்தபோது, படம் கதையை விளக்க வேண்டும் என்ற பழைய கட்டாயம் தளர்ந்தது. கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ ஜூனியர் விகடனில் தொடராக வந்தபோது, ஆதிமூலத்தின் கோடுகளில் கரிசல் மண்ணின் வெடிப்பும் கிழவர்களின் தோல் சுருக்கமும் ஒன்றுபோல ஓடின. லட்சக்கணக்கான வாசகர்கள் வீட்டுக்கு நவீன ஓவியம் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. மதுரையிலிருந்து வந்த டிராட்ஸ்கி மருது அதே கல்லூரியில் படித்து, பத்திரிகைக் கோட்டை அனிமேஷனுக்கும் திரைக்கும் கொண்டு போனார்.

கல்லூரியில் பெண்களும் படித்தார்கள். 1969-இல் இளம் வயதிலேயே மறைந்த டி.கே. பத்மினி பணிக்கரின் மாணவி. அவருடைய கோட்டோவியங்கள் இன்றும் பேசப்படுகின்றன. ஆனால் வார இதழ்களின் ஓவியர் மேசைகளில் ஆண்களே உட்கார்ந்திருந்தார்கள். கதை எழுதிய பெண்கள் வரிசையாக வந்த காலத்திலும் அந்தக் கதைகளின் பெண்களை வரைந்தவர்கள் ஆண்கள் என்பது இந்த வரலாற்றின் பெரிய குறை.

ஆஃப்செட் அச்சு முறை வந்தபின் பிளாக்கின் கட்டுப்பாடு போயிற்று. எந்த வண்ணமும் எந்தச் சாயலும் அச்சில் வரும் என்றான பிறகு, எண்ணெய் வண்ண ஓவியமும் வார இதழின் பக்கத்துக்கு வந்தது. கும்பகோணம் அருகே ஒரு கிராமத்தில் பிறந்து, கும்பகோணத்திலும் சென்னையிலும் ஓவியம் படித்த எஸ். இளையராஜா அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஓட்டு வீட்டின் இடுக்கில் விழும் ஒளி, அடுப்படியில் நிற்கும் பெண்ணின் கழுத்து வியர்வை, புடவையின் மங்கிய சிவப்பு எல்லாம் புகைப்படமோ என்று மயங்கும்படி இருக்கும். அவருடைய படங்களை ஆனந்த விகடன் கதைகளோடு வெளியிட்டது. 2021-இல் கொரோனா அவரைக் கொண்டுபோனது. கைப்பேசியில் அவர் படங்களைச் சேமித்துவைத்துப் பார்த்து வரைந்து பழகும் பிள்ளைகள் இன்றைக்கும் உண்டு.

எதிர்த்திசையிலும் ஒரு வேலை நடக்கிறது. 1994-இல் சென்னையில் கீதா வுல்ஃப் தொடங்கிய தாரா புக்ஸ், கையால் செய்த தாளில் கையாலேயே ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் படப் புத்தகங்கள் அச்சிடுகிறது. 2006-இல் அவர்கள் வெளியிட்ட ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’, மத்தியப் பிரதேசத்தின் கோண்டு ஓவியர்கள் மூவர் கறுப்புத் தாளில் வரைந்த மரங்களின் புத்தகம். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு திரை. ஒரு வண்ணம் காய்ந்தபின்தான் அடுத்தது. படம் வரைபவர் அச்சின் பக்கத்தில் நின்று கற்கும் பழைய முறை இங்கே வேறு வடிவில் திரும்பியிருக்கிறது.

இன்றைய ஓவிய மாணவர் தம் வேலைகளைக் கோப்பாகத் தொகுத்து நிறுவனங்களுக்கு அனுப்புகிறார். டேப்லெட்டில் வரைகிறார், விளையாட்டுச் செயலிக்கும் பாடப்புத்தகத்துக்கும் திரைப்படக் காட்சித் திட்டத்துக்கும் வேலை பார்க்கிறார். அவருக்கு முன்னோடிகளின் வேலை எளிதில் கண்ணில் படுவதில்லை என்பதுதான் வருத்தம். பிளாக் எடுக்கக் கொடுத்த அட்டைகள் அந்நாளில் கவனமாகப் பாதுகாக்கப்பட்டதில்லை. அச்சான தாள்தான் மிச்சம். அதற்குச் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது; கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும் கொண்டு 1994-இல் அமைந்தது. கல்லூரிகள் தங்கள் மாணவர்களை வருடத்துக்கு ஒரு முறையாவது அங்கே அனுப்பி, 1940-களின், 50-களின் இதழ்களைப் பக்கம் பக்கமாகப் பார்க்கச் செய்யலாம். ஒரு பூதக்கண்ணாடி கொண்டுபோகட்டும். எந்தக் கோடு அமிலத்தில் உடைந்திருக்கிறது, எங்கே மை அடைத்திருக்கிறது, அடுத்த வாரப் படத்தில் அதே ஓவியர் அந்த இடத்தில் இடைவெளியை எவ்வளவு கூட்டியிருக்கிறார் என்று குறித்துக்கொண்டு வரட்டும். எழும்பூரிலும் கும்பகோணத்திலும் ஒரு பருவத்துக்கு அதையே பாடமாக வைக்கலாம்.